ரிசப்ஷனில் புதிதாகச் சேர்ந்தவருக்கு: போனில் வெடிகுண்டு மிரட்டல் வந்தால்

பல வருடங்களுக்கு முன் நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு நாள் காலை பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன கொஞ்ச நேரத்தில் லேண்ட்லைன் அடித்தது. எடுத்தவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத பெண். "உங்க ஸ்கூல்ல பாம் வச்சிருக்கு" என்றது ஒரு குரல். அவர் பதறிப்போய் ரிசீவரை வைத்துவிட்டார். போலீஸ் வந்தது. சரியாக என்ன வார்த்தை சொன்னான், எப்போது வெடிக்கும் என்றானா, எந்த இடம் என்றானா, என்ன வயது இருக்கும் என்று இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆண் குரல் என்பதைத் தவிர அந்தப் பெண்ணால் எதுவும் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு எதுவும் வெடிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் வரை அவர் அழுதுகொண்டே இருந்தார். தப்பு அவருடையது இல்லை. இப்படி ஒரு போன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை.

பள்ளி, கிளினிக், துணிக்கடை, வங்கிக் கிளை, சின்ன கம்பெனி என்று எங்கேயாவது போன் எடுக்கும் வேலையில் புதிதாக உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய நிறுவனங்களில் பாதுகாப்பு அதிகாரி இருப்பார், பயிற்சி இருக்கும். சின்ன இடங்களில் போனை எடுத்தவர்தான் முதல் ஆள். மிரட்டுகிறவனிடம் பேசிய ஒரே ஆளும் அவர்தான்.

"நிஜமாகவே வைத்தவன் போன் பண்ணிச் சொல்வானா?"

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். வருகிற மிரட்டல்களில் மிகப் பெரும்பாலானவை புரளிதான். குடித்துவிட்டுப் பேசுவது, பழைய பகை, வேலையை விட்டு அனுப்பிய கோபம், பரீட்சையைத் தள்ளிப்போடும் ஆசை என்று காரணங்கள் பல. 2024 பிப்ரவரி 8-ஆம் தேதி சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு இமெயிலில் வந்த மிரட்டலும் சோதனைக்குப் பிறகு புரளி என்றே தெரிந்தது.

ஆனால் போனில் சொல்லிவிட்டு வெடித்ததும் நடந்திருக்கிறது. நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியில் இருந்த குண்டு வெடித்து சுமார் முப்பது பேர் இறந்தார்கள். வெடிப்பதற்கு முன்பே போனில் எச்சரிக்கை வந்திருந்தது. அந்தப் பெட்டி அங்கிருந்து அகற்றப்படுவதற்குள் வெடித்துவிட்டது. 1987 ஜூன் 19 அன்று ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் ஹிப்பர்கோர் என்ற பெரிய கடையிலும் இதே கதைதான். முன்கூட்டியே போன் வந்தது, கடையைக் காலி செய்யவில்லை, 21 பேர் இறந்தார்கள்.

அதனால் இது புரளியா நிஜமா என்று முடிவு பண்ணுவது போன் எடுத்தவரின் வேலையே இல்லை. அந்தப் பாரத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். உங்கள் வேலை கேட்பது, எழுதுவது, சொல்ல வேண்டியவரிடம் சொல்வது. இந்த மூன்றும் ஒழுங்காக நடந்தால், முடிவெடுக்கிறவருக்குக் கையில் ஏதாவது இருக்கும்.

போன் வருவதற்கு முன்

இந்த ஏற்பாடுகளுக்கு ஒரு மதியம் போதும்.

முதலில் ஒரு படிவம். ஒரே ஒரு தாள். கீழே நான் சொல்லப்போகும் கேள்விகளைப் பெரிய எழுத்தில் அடித்து, பதில் எழுத இடம் விட்டு, போனுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் எழுத முடியாது, டிராயரில் வைத்தால் அந்த நேரத்தில் கிடைக்காது. கிளிப் அட்டையில் மாட்டி, ஒரு பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. பதற்றத்தில் பேனா தேடி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, ஒரு சைகை. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிய வேண்டும். சத்தம் போட முடியாது. ஒரு சிவப்பு அட்டையில் "வெடிகுண்டு மிரட்டல் போன். உடனே ஹெச்.எம்-இடம் சொல்லவும்" என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தூக்கிக் காட்டினால் போதும். பியூனிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் அந்த அட்டையின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, யார் முடிவெடுப்பது? தலைமையாசிரியர் என்று எல்லோரும் சொல்வார்கள். அவர் அன்றைக்கு மீட்டிங்குக்குப் போயிருந்தால்? இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் வரை பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். மூன்று பேரும் ஒரே நாளில் வெளியே போகக் கூடாது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

நான்காவது, போன் நம்பர்கள். அவசர உதவிக்கு 112. காவல் கட்டுப்பாட்டு அறைக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. இவற்றோடு உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் லேண்ட்லைன் நம்பரையும் சுவரில் ஒட்டுங்கள். முடிந்தால் ஒருமுறை ஸ்டேஷனுக்கு நேரிலேயே போய், இப்படி ஒரு போன் வந்தால் நாங்கள் இன்னார்தான் உங்களுக்குச் சொல்வோம், எந்த கேட் வழியாக வரச் சொல்லலாம் என்று பேசிவிட்டு வாருங்கள். பெரும்பாலான இடங்களில் நன்றாகவே பேசுவார்கள்.

அப்புறம் சாவியும் வரைபடமும். கட்டிடத்தின் மாடிவாரியான வரைபடம் ஒன்று, எல்லா அறைகளின் மாற்றுச் சாவிக் கொத்து ஒன்று. இவை அலுவலகத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. கட்டிடத்தைக் காலி செய்துவிட்டால் இரண்டுமே உள்ளே மாட்டிக்கொள்ளும். இன்னொரு செட் கேட் பக்கத்தில் வாட்ச்மேன் அறையில் இருக்கட்டும். வெடிகுண்டு நிபுணர்கள் வந்தவுடன் கேட்கிற முதல் விஷயங்களில் இவையும் உண்டு.

கடைசியாக, இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது. இதைப் பலரும் பாதுகாப்போடு சேர்த்து யோசிப்பதில்லை. மாடிப்படிக்கு அடியில் பழைய அட்டைப் பெட்டிகள், மோட்டார் ரூமில் யாருடையதென்று தெரியாத மூட்டைகள், பூட்டாத ஈ.பி. ரூம், யாரும் போகாத பாத்ரூம் என்று கிடந்தால் சோதனை போடுகிறவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். பழைய சாமான்களைத் தள்ளிவிட்டு, பயன்படுத்தாத அறைகளைப் பூட்டி வைத்தாலே வேலையில் பாதி குறைந்துவிடும்.

போன் வந்துவிட்டது

இங்கேதான் நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். இந்த ஒன்றிரண்டு நிமிடம் திரும்பக் கிடைக்காது.

போனை வைக்காதீர்கள். கை நடுங்கும், குரல் நடுங்கும், பரவாயில்லை. ரிசீவர் காதிலேயே இருக்கட்டும். கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதுங்கள். டிஸ்பிளேயில் நம்பர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். சிவப்பு அட்டையைத் தூக்குங்கள்.

அவன் பேசட்டும். குறுக்கே பேசாதீர்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், உங்கள் மொழியில் மாற்றி எழுதாதீர்கள். "மதியம் சாப்பாட்டு பெல்லுக்குள்ள வெடிக்கும்" என்று சொன்னால், "மதியம் வெடிக்கும் என்றார்" என்று எழுதக் கூடாது. சாப்பாட்டு பெல் என்று சொன்னது உள்ளே நடப்பது தெரிந்த ஆளாக இருக்கலாம் என்று போலீஸுக்குக் காட்டும். அதேபோல "மூணாவது மாடி லேப்ல" என்கிறான், உங்கள் பள்ளியில் இரண்டு மாடிதான் என்றால் அதைத் திருத்த வேண்டாம். மூன்றாவது மாடி என்றே எழுதுங்கள். அவனுக்கு இடம் தெரியாது என்பதும் ஒரு தகவல்தான்.

கோபப்படாதீர்கள், சிரிக்காதீர்கள், "போலீஸ்ல சொல்லிடுவேன்" என்று பயமுறுத்தாதீர்கள், "தைரியம் இருந்தா வெடி பாக்கலாம்" என்று சவாலும் விடாதீர்கள். வழக்கமாக ஒரு பெற்றோரிடம் எப்படி மரியாதையாகப் பேசுவீர்களோ அதே தொனி போதும். "சார்" என்றே பேசுங்கள். அவனுக்கு மரியாதை தரவேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. லைனில் அவன் கொஞ்ச நேரம் கூட இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவன் நிறுத்தியதும் கேட்கத் தொடங்குங்கள். உலகம் முழுக்கப் பயன்படுத்தும் படிவங்களில் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் இருக்கின்றன:

1. எந்த இடத்தில் இருக்கிறது?
2. எத்தனை மணிக்கு வெடிக்கும்?
3. பார்க்க எப்படி இருக்கும்? பையா, பெட்டியா, டிபன் பாக்ஸா?
4. என்ன மாதிரி குண்டு? எதனால் வெடிக்கும்?
5. நீங்கள்தான் வைத்தீர்களா?
6. எதற்காக வைத்தீர்கள்?
7. வேறு எங்கேயும் வைத்திருக்கிறீர்களா?
8. எங்கிருந்து பேசுகிறீர்கள்?
9. உங்கள் பெயர் என்ன?

கடைசி இரண்டையும் கேட்பது அசட்டுத்தனமாகத் தோன்றும். ஆனாலும் கேளுங்கள். பேச்சு வாக்கில் உண்மையைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு.

ஒன்பதையும் கேட்க நேரம் கிடைக்காது. முதல் இரண்டும் கிடைத்தால் பெரிய விஷயம். அதிலும் இடம்தான் முதலில். வட அயர்லாந்தில் ஓமா என்ற சின்ன ஊரில் 1998 ஆகஸ்ட் 15 அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் பதறும். குண்டு வெடிப்பதற்குச் சுமார் 40 நிமிடத்துக்கு முன்பே மூன்று போன்கள் வந்தன. கோர்ட் என்றும் மெயின் ஸ்ட்ரீட் என்றும் சொல்லப்பட்டது. ஓமாவில் மெயின் ஸ்ட்ரீட் என்று ஒரு தெருவே கிடையாது. போலீஸ் கோர்ட் பக்கம் இருந்தவர்களை அப்புறப்படுத்தி, கடைவீதியின் மறு கோடிக்கு அனுப்பியது. குண்டு வைத்த கார் அங்கேதான் நின்றிருந்தது. 29 பேர் இறந்தார்கள். எச்சரித்தும் இடம் தெளிவாக வராததால் மக்கள் குண்டை நோக்கியே நடந்து போனார்கள்.

அதனால் இடத்தை மறுபடி மறுபடி கேளுங்கள். சந்தேகம் வராமல் கேட்க எளிய வழி இருக்கிறது. "சார், லைன் சரியா கேக்கல. எந்த இடம்னு சொன்னீங்க?" என்று கேளுங்கள். அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள்: "பின்பக்க சைக்கிள் ஸ்டாண்டா சார்? புது பில்டிங் ஸ்டாண்டா, பழைய பில்டிங்கா?" நடுவில் இதையும் சொல்லுங்கள்: "உள்ள சின்னப் பிள்ளைங்க இருக்காங்க சார். எங்க இருக்குன்னு சொல்லிட்டீங்கன்னா அவங்கள வெளிய கூட்டிட்டுப் போயிடுவோம்." பயமுறுத்துவது மட்டுமே நோக்கம் என்றால் சில பேர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றத்தையும் எழுதுங்கள்.

காதில் விழுவதெல்லாம்

பேச்சைக் கேட்கும்போதே குரலையும் கவனியுங்கள். ஆணா, பெண்ணா, சிறுவனா? நிதானமா, படபடப்பா, அழுகிறமாதிரியா? நாக்குக் குழறுகிறதா? எழுதி வைத்ததைப் படிக்கிறமாதிரி இருக்கிறதா? கம்ப்யூட்டர் குரலா?

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பேச்சிலேயே ஊர் தெரிந்துவிடும். கோவைப் பக்கமா, நெல்லையா, மதுரையா, சென்னைத் தமிழா, இலங்கைத் தமிழா, வேறு மொழிக்காரர் பேசும் தமிழா என்று கொஞ்சம் காது கொடுத்தால் பிடிபடும். ஆனால் "கோயமுத்தூர்க்காரன்" என்று முடிவாக எழுதாதீர்கள். அப்படி நினைக்க வைத்த வார்த்தையை எழுதுங்கள். "என்னங்கண்ணு என்றான்" என்று எழுதினால் போலீஸ் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சாதி, மதம், கட்சி பற்றிய உங்கள் ஊகம் எதுவும் அந்தத் தாளில் ஏறக் கூடாது. ஒரு வார்த்தை வேறு எங்கேயோ போய் ஒரு தெருவையே பாதித்துவிடும்.

பின்னணிச் சத்தம் இன்னும் முக்கியம். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் ஊர் பெயர் கூவுவது, ரயில் அறிவிப்பு, கோயில் மணி, பாங்கு, சர்ச் மணி, டிவி சீரியல், குக்கர் விசில், மெஷின் ஓடும் சத்தம், பக்கத்தில் யாரோ அடக்கிக்கொண்டு சிரிப்பது. ஒன்றும் கேட்கவில்லை, சுத்த நிசப்தம் என்றால் அதையும் எழுதுங்கள்.

ரெக்கார்டிங் பற்றி ஒரு வார்த்தை. ஆபீஸ் போனில் தானாகப் பதிவாகும் வசதி இருந்தால் நல்லது. செல்போனில் அழைப்பு வந்தால் ரெக்கார்ட் பட்டனை அழுத்த யோசியுங்கள். பல போன்களில் "அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்ற குரல் மறுமுனைக்கும் கேட்டுவிடும், அவன் வைத்துவிடுவான். ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் இருப்பவரின் போனில் வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிடுவது நல்ல வழி. எதிரில் பெற்றோரோ நோயாளிகளோ உட்கார்ந்திருந்தால் மட்டும் ஸ்பீக்கர் வேண்டாம்.

வைத்த பிறகு, முதல் ஐந்து நிமிடம்

அவன் வைத்துவிட்டாலும் நீங்கள் ரிசீவரை வைக்க வேண்டாம், அப்படியே மேசையில் விடுங்கள். அடுத்த அழைப்பு வந்து டிஸ்பிளேயில் இருக்கும் நம்பர் கீழே தள்ளப்படாமல் இருக்கும். செல்போன் என்றால் கால் லிஸ்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நம்பரை பிளாக் செய்யாதீர்கள், அழிக்காதீர்கள், திருப்பி அழைத்துத் திட்டவும் வேண்டாம். டிஸ்பிளேயில் தெரிகிற நம்பர் போலியாகவும் இருக்கலாம். அது யாருடையது என்று நீங்கள் தேடி இறங்க வேண்டாம். தொலைபேசி நிறுவனத்திடம் பதிவைக் கேட்டு வாங்குவது போலீஸின் வேலை.

வேறொரு போனில் 112-ஐ அழையுங்கள். நீங்களே அழைப்பது நல்லது, கேட்ட ஆள் நீங்கள்தான். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான் இன்ன பள்ளியிலிருந்து பேசறேன். இன்ன தெரு, இன்ன பஸ் ஸ்டாப்புக்கு எதிரே. 9.52-க்கு வெடிகுண்டு மிரட்டல் போன் வந்தது. பழைய பில்டிங்ல இருக்கு, 12 மணிக்கு வெடிக்கும்னு சொன்னாங்க. உள்ள சுமார் 600 பேர் இருக்கோம்." அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், அவர்கள் வைக்கச் சொன்ன பிறகு வையுங்கள்.

அப்புறம் யாரிடமும் பேசுவதற்கு முன் படிவத்தை முடித்துவிடுங்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். நாலு பேர் சுற்றி நின்று "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று கேட்டால், மூன்றாவது முறை சொல்லும்போது வார்த்தை மாறியிருக்கும். எழுதி, மணி போட்டு, கையெழுத்துப் போட்டு மடித்து வையுங்கள். ஒருவர் பக்கத்தில் இருந்து மற்றவர்களைத் தள்ளி நிறுத்தட்டும். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கட்டும்.

இமெயிலில் வந்திருந்தால் பதில் அனுப்ப வேண்டாம், அழிக்க வேண்டாம், ஃபார்வர்டு செய்ய வேண்டாம். திறந்தபடியே விட்டு, போலீஸுக்குச் சொல்லுங்கள்.

காலி செய்வதா, வேண்டாமா?

இது பொறுப்பில் இருப்பவர் போலீஸோடு பேசி எடுக்கும் முடிவு. பொதுவாக மூன்று வழிகள்: எல்லோரையும் வெளியேற்றுவது, ஒரு பகுதியை மட்டும் காலி செய்வது, உள்ளேயே வைத்துச் சோதனை போடுவது. இடமும் நேரமும் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தாலோ, சந்தேகமான பொருள் கண்ணில் பட்டாலோ காத்திருக்கக் கூடாது. போலீஸ் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பொறுப்பாளருக்கு மனதில் உறுத்தினால் வெளியேற்றலாம். ஆஸ்பத்திரியில் நிலைமை வேறு. ஐ.சி.யூ. நோயாளியையும் ஆபரேஷன் மேசையில் இருப்பவரையும் தெருவுக்குக் கொண்டுவர முடியாது. அங்கே அதே மாடியில் தள்ளியிருக்கும் இன்னொரு பகுதிக்கு நகர்த்துவதைப் பற்றி டாக்டர்கள் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

தீ விபத்துப் பயிற்சியை அப்படியே இங்கே பயன்படுத்தினால் இரண்டு இடத்தில் தவறு வரும். தீ என்றால் பையை விட்டுவிட்டு ஓடு என்போம். வெடிகுண்டு மிரட்டலில், கைக்கெட்டும் தூரத்தில் உள்ள சொந்தப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். 600 ஸ்கூல் பைகள் உள்ளே கிடந்தால் 600 சந்தேகப் பொருள்கள். ஆனால் வேறு அறையில் இருக்கும் பையை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. இரண்டாவது, தீ விபத்துக்குக் கூடும் இடம் பெரும்பாலும் கட்டிடத்தை ஒட்டியே, வண்டிகள் நிற்கும் இடமாக இருக்கும். வெடிகுண்டு மிரட்டலில் வண்டிகள் நிற்கும் இடம் கூடவே கூடாது.

கண்ணால் மட்டும் பார்ப்பது

குண்டைத் தேடுவது நிபுணர்களின் வேலை. ஆனால் ஓர் அறையில் எது எப்போதும் இருக்கும், எது புதிதாக வந்தது என்பது அந்த அறையில் தினமும் வேலை செய்பவருக்குத்தான் தெரியும். மோப்ப நாய்க்கும் அது தெரியாது. அதனால் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டால், அவரவர் தங்கள் இடத்தை ஒருமுறை கண்ணால் பார்க்கலாம். விருப்பம் இல்லாதவரை வற்புறுத்தக் கூடாது. வெளியேறும் வழியையும், கூடப்போகும் இடத்தையும் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிட வேண்டும். அறைக்குள் போனால் வாசலில் ஒரு நொடி நின்று காது கொடுங்கள். பிறகு தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை ஒரு சுற்று, இடுப்பிலிருந்து தலை வரை ஒரு சுற்று, அதற்கு மேல் கூரை வரை ஒரு சுற்று.

பிரிட்டனில் ரயில் நிலையங்களில் தினமும் யாராவது மறந்து வைத்துவிட்டுப் போகும் பைகளைப் பார்த்துப் பார்த்து ரயில்வே போலீஸ் உருவாக்கிய மூன்று கேள்விகள் எனக்குப் பிடித்தவை. மறைத்து வைத்திருக்கிறார்களா? பார்த்தாலே உறுத்துகிறதா, அதாவது ஒயர், பேட்டரி, டேப் சுற்றல் தெரிகிறதா? இந்த இடத்தில் வழக்கமாக இருக்கிற பொருளா? துணிக்கடைக் கட்டைப்பை ஒன்று காத்திருக்கும் பெஞ்சில் இருந்தால், யாரோ மறந்துவிட்டிருப்பார்கள். அதே பை தண்ணீர் டேங்குக்குப் பின்னால் செருகியிருந்தால் விஷயம் வேறு.

சந்தேகம் வந்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், திறக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், மணல் போடாதீர்கள். அங்கே நின்று செல்போனில் பேச வேண்டாம், போட்டோ எடுக்கவும் வேண்டாம். வந்த வழியே திரும்பி, குறைந்தது 15 மீட்டர் தள்ளி வந்து பிறகு சொல்லுங்கள்.

வெளியே போவது

எவ்வளவு தூரம்? பிரிட்டிஷ் போலீஸ் சொல்லும் கணக்கு மனதில் நிற்கிறமாதிரி இருக்கிறது. பை அளவுக்கு 100 மீட்டர், கார் அளவுக்கு 200 மீட்டர், லாரி என்றால் 400 மீட்டர். 1996 ஜூன் 15 அன்று மான்செஸ்டர் நகரில் லாரியில் பெரிய குண்டு வைத்துவிட்டுப் போன் செய்தார்கள். கிடைத்த ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 75,000 பேரை அப்புறப்படுத்தினார்கள். நகரின் நடுப்பகுதியே நொறுங்கியது, ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பெரும்பாலும் பறந்து வந்த கண்ணாடியாலும் இடிபாடுகளாலும்தான். அதனால் தூரம் மட்டும் போதாது, கண்ணாடி முகப்பு உள்ள கடைகளுக்கு எதிரிலும் நிற்கக் கூடாது.

நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் 100 மீட்டருக்கு மைதானமே கிடையாது. பக்கத்தில் உள்ள கல்யாண மண்டபம், கோயில் மைதானம், கார்ப்பரேஷன் விளையாட்டுத் திடல் ஒன்றில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒன்று போதாது, எதிர்த் திசையில் இன்னொன்றும் வேண்டும். ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் யார் முன்னால் போவது, யார் கடைசி, யார் ரோட்டில் நின்று வண்டியை நிறுத்துவது என்று பெயர் போட்டு வையுங்கள். வருகைப் பதிவேடு ஆசிரியர் கையில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் தலை எண்ணுங்கள். இன்ஹேலர், இன்சுலின் தேவைப்படும் பிள்ளைகளின் மருந்து அவர்கள் பையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டி வரும், குடிநீர் வேண்டும். அறைகளைப் பூட்டாமல் வாருங்கள், லிஃப்ட் வேண்டாம்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது? "ஒரு சோதனை நடக்குது, எல்லாரும் வரிசையா மைதானத்துக்குப் போறோம்" போதும். பொய்யும் இல்லை, பயமும் இல்லை.

பெற்றோருக்கு ஒரே ஒரு செய்தி

2024 பிப்ரவரியில் சென்னைப் பள்ளிகளில் போலீஸ் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே வாசல்களில் பெற்றோர் கூட்டம் திரண்டதை எல்லோரும் டிவியில் பார்த்தோம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளை உள்ளே இருக்கும்போது யார்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்? ஆனால் கேட்டை அடைத்துக்கொண்டு பைக்குகள் நின்றால் நிபுணர்களின் வண்டியும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வர முடியாது. கூட்டம் கட்டிடத்தை ஒட்டியும் நிற்கும்.

இதைத் தடுக்க ஒரே வழி, வாட்ஸ்அப்பில் வதந்தி போவதற்கு முன் பள்ளியின் செய்தி போவதுதான். வாசகத்தை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்: "பள்ளிக்கு மிரட்டல் அழைப்பு ஒன்று வந்துள்ளது. காவல்துறை வந்துள்ளது. எல்லா மாணவர்களும் பாதுகாப்பாக இன்ன இடத்தில் ஆசிரியர்களுடன் இருக்கிறார்கள். பள்ளி வாசலுக்கு வர வேண்டாம். பிள்ளையை அழைத்துச் செல்ல இன்ன இடத்துக்கு, அடையாள அட்டையோடு வரவும். அடுத்த தகவல் இதே எண்ணிலிருந்து வரும்." இடத்தின் பெயரை மட்டும் நிரப்பி அனுப்பினால் போதும். போலீஸிடம் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஆசிரியர்கள் யாரும் தனியாக ஸ்டேட்டஸ் போடக் கூடாது, வீடியோ எடுக்கக் கூடாது. மிரட்டியவன் பார்க்க ஆசைப்படுவதும் அந்த வீடியோவைத்தான்.

போலீஸ் வந்த பிறகும் போன பிறகும்

வந்தவர்களிடம் படிவம், வரைபடம், சாவி மூன்றையும் கொடுங்கள். கட்டிடத்தைத் தெரிந்த ஒருவர் அவர்களோடு இருக்கட்டும். எத்தனை நேரமானாலும் அவர்கள் சொன்ன பிறகுதான் உள்ளே திரும்ப வேண்டும். சொன்ன நேரம் தாண்டிவிட்டது, ஒன்றும் இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். "ஒன்னும் ஆகலையே, எதுக்கு வம்பு" என்று விடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், யாரென்று தெரியாதபடி மறைந்திருந்து மிரட்டினால், மிரட்டலுக்கு உரிய தண்டனையோடு கூடுதலாக இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அது 351-வது பிரிவு. பொய்த் தகவல் பரப்பிப் பொதுமக்களிடம் பீதி கிளப்புவதற்கு 353-வது பிரிவு இருக்கிறது. பிடிபட்டது உங்கள் பள்ளிப் பையனாகவே இருந்தாலும் வழக்கு வழக்குதான். பரீட்சைக்குப் பயந்து செய்த ஒரு போன் எங்கே கொண்டுபோய் விடும் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைப்பது ஆசிரியர்களின் கடமை.

போன் எடுத்தவரை அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள். தனியாக அனுப்ப வேண்டாம், யாராவது கூடப் போகட்டும். ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு ரிங்குக்கும் அவர் திடுக்கிடுவார். அவரைக் கொஞ்ச நாள் வேறு மேசைக்கு மாற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

டெர்முக்கு ஒருமுறை ஒத்திகை பாருங்கள். இன்றைக்கு ஒத்திகை என்று ஊழியர்களிடம் முன்பே சொல்லிவிட்டு, ஒருவர் பக்கத்து அறையிலிருந்து போன் செய்து மிரட்டட்டும், இன்னொருவர் எழுதட்டும். பிறகு இரண்டு பேரும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பள்ளியில் அந்த வருடமே இதைத் தொடங்கினோம். முதல் ஒத்திகையில் பாதி வார்த்தைகள் விடுபட்டுப்போயின. மூன்றாவது முறை அதே பெண் டிவியில் ஓடிய விளம்பரப் பாட்டைக்கூடக் குறித்து வைத்திருந்தார்.

எல்லாம் முடிந்து மறுநாள் வேலைக்கு வந்ததும், படிவத்தின் புது நகல் ஒன்றை எடுத்துக் கிளிப் அட்டையில் மாட்டுங்கள். பழையது போலீஸிடம் போயிருக்கும். ஒரு முறை மிரட்டியவர்கள் சில நாளில் திரும்பவும் அழைப்பதுண்டு.